ஐந்து பேர் வீட்டுத் துணி: முதலில் யூனிஃபார்மை எண்ணுங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணி. பெரியவன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, "அப்பா, நாளைக்கு ஒயிட் டிரெஸ்" என்றான். அந்த ஒயிட் டிரெஸ் போன புதன்கிழமைச் சாம்பாரோடு அழுக்குக் கூடையின் அடியில் கிடந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளி அதோடு சேர்த்து மெஷினில் போட்டேன். அவனுடைய புது சிவப்பு ஹவுஸ் டி-ஷர்ட்டும் அதற்குள் போயிருக்கிறது. மறுநாள் நான்காம் வகுப்பில் ரோஸ் கலர் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரே பையன் என் பையன்தான்.

மனைவியின் வேலை ஷிஃப்ட் முறைக்கு மாறியதால் துணி வேலை என் கைக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் நாங்கள் இருவர், அந்த நான்காம் வகுப்புக்காரன், எல்.கே.ஜி. போகும் சின்னவள், என் அம்மா. வேளச்சேரி பக்கம் இரண்டாம் மாடி, போர் தண்ணீர், 7 கிலோ டாப் லோட் மெஷின், பால்கனியில் நான்கு கொடி. இவ்வளவுதான் வசதி. அதை வைத்துக்கொண்டு இப்போது எப்படிச் சமாளிக்கிறோம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எண்ணுங்கள்

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எத்தனை செட் யூனிஃபார்ம், எத்தனை ஜோடி சாக்ஸ், எத்தனை துண்டு, எத்தனை உள்ளாடை என்று எழுதுங்கள். சலிப்பான வேலைதான், அரை மணி நேரம் ஆகும். ஆனால் வாரத்தில் எந்த நாள் துவைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

எங்கள் பள்ளியில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி கலர் யூனிஃபார்ம், புதன் மட்டும் வெள்ளை. இரண்டு செட் கலர் யூனிஃபார்ம் இருந்தபோது செவ்வாய் சாயங்காலமே இரண்டும் அழுக்கு. புதன்கிழமைக்குள் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டாக வேண்டும். அன்றைக்கு மழை பெய்தால் தீர்ந்தது கதை. மூன்றாவது செட் வாங்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. பெரிய மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஆளுக்கு ஒரு செட் யூனிஃபார்ம் கூடுதலாக வாங்கிப் பாருங்கள். செலவும் மிச்சம்.

எடையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மெஷினில் 7 கிலோ என்று போட்டிருப்பது காய்ந்த துணியின் எடை. பெரியவர்களின் ஜீன்ஸ் ஒன்று அரை கிலோவுக்கு மேல் வரும். கனமான குளியல் துண்டும் கிட்டத்தட்ட அரை கிலோ. டபுள் காட் பெட்ஷீட் ஒரு கிலோ பக்கம் வந்துவிடும். பார்ப்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும் ஜீன்ஸ், துண்டு, பெட்ஷீட்தான் மெஷினைத் திணறடிப்பவை. குழந்தைகளின் சட்டை, டவுசர் எல்லாம் எவ்வளவு போட்டாலும் எடையே ஏறாது.

படி 2: மூன்று கூடை, ஒரு வலைப்பை

ஒரே அழுக்குக் கூடை வைத்தால் துவைக்கிற அன்று காலையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது. அதனால் கழற்றும்போதே பிரிந்துவிட வேண்டும். குளியலறை வாசலில் மூன்று பிளாஸ்டிக் கூடை வைத்தேன்: வெள்ளை, கலர், அப்புறம் கனத்த துணி. வெள்ளைக் கூடையே வெள்ளை நிறத்தில் வாங்கியதால் எல்.கே.ஜி.க்கும் புரிந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு வலைப்பை தொங்குகிறது, சாக்ஸுக்கும் கைக்குட்டைக்கும். அந்தப் பையை ஜிப் போட்டு அப்படியே மெஷினுக்குள் எறிந்துவிடலாம்.

ஈரத் துண்டைக் கூடையில் போட விடாதீர்கள். ஒரே ராத்திரியில் கூடை முழுக்க வாடை ஏறிவிடும். கொடியில் போட்டு உலர்ந்த பிறகுதான் கூடைக்குப் போக வேண்டும்.

பாக்கெட்டைச் சோதிப்பது கழற்றுகிற ஆளின் வேலை என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறோம். என் கையில் இதுவரை சிக்கியவை: கிரேயான், புளியங்கொட்டை, பாதி தின்ற கடலை மிட்டாய், மைதான மணல், ஒரு தடவை உயிரோடு ஒரு பொன்வண்டு. டிஷ்யூ பேப்பர் ஒன்று தப்பிப் போனால் போதும், கறுப்புப் பேன்ட் முழுக்க வெள்ளைத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் மறுபடி அலசாதீர்கள். காயவைத்து உதறிவிட்டு, செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள்.

படி 3: கிழமை போடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைத்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நான்கு தடவை மெஷின் ஓட்டினால் நான்கு தடவைத் துணியையும் காயப்போட வேண்டும். கொடிக்கு எங்கே போவது? கொடியில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் ஒரு நாளைக்குத் துவைக்க முடியும்.

இப்போது எங்கள் கணக்கு இதுதான்:

புதன் காலை: கலர். திங்களும் செவ்வாயும் போட்ட யூனிஃபார்ம் இதில் போகும். சாயங்காலம் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போய், வியாழன் இரவு திரும்பிவரும்.
வியாழன் காலை: வெள்ளை.
சனி காலை: மறுபடி கலர்.
ஞாயிறு காலை: கனத்த துணி. ஒரு வாரம் துண்டும் ஜீன்ஸும், மறுவாரம் பெட்ஷீட்டும் தலையணை உறையும்.

மற்ற மூன்று நாளும் மெஷினுக்கு லீவு. காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சும்போது சுவிட்சைப் போட்டால், குழந்தைகளைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் துவைத்துப் பிழிந்து நிற்கும். உங்கள் வீட்டில் மோட்டார் போடும் நேரம், தண்ணீர் லாரி வரும் நாள் எல்லாம் வேறாக இருக்கும். அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் துவைத்த துணியை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகாதீர்கள். சாயங்காலம் திறக்கும்போது வாடையே சொல்லும்.

அம்மாவின் சேலைகள் இந்தக் கணக்கில் சேராது. மெஷின் என்றாலே "நூலைப் பிய்த்துவிடும்" என்பார். தன் சுங்குடிச் சேலைகளைத் தானே அலசி, கஞ்சி போட்டு, நிழலில் காயப்போடுகிறார். புதுச் சுங்குடி முதல் சில தடவை சாயம் விடும் என்பதால் அது தனியாக இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

படி 4: கறையை அன்றைக்கே பாருங்கள்

துவைப்பது கிழமைப்படி நடக்கட்டும். கறை மட்டும் காத்திருக்காது. பள்ளி விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றும்போதே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

சாம்பார், குழம்பு: இதில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்திருக்கின்றன. எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அடுத்து சோப்பு போட்டதும் கறை சட்டென்று செங்கல் நிறத்துக்கு மாறும். முதல் தடவை நான் சட்டையே போய்விட்டது என்று பயந்துவிட்டேன். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவப்பாக மாறும், அவ்வளவுதான். சுண்ணாம்பு சேர்த்தால் மஞ்சள் ஆரத்தித் தண்ணீராகச் சிவக்கிறதே, அதே விஷயம். சோப்பு போக நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமின் சூரிய வெளிச்சத்தில் நிற்காது. கறை பட்ட பக்கம் வெயிலைப் பார்க்கும்படி ஈரத்தோடு காயப்போடுங்கள். ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாளும் அதையே செய்யுங்கள்.

பால் பாயிண்ட் பேனா: தண்ணீரைத் தொடாதீர்கள். கறைக்கு அடியில் ஒரு பழைய துணியை மடித்து வைத்து, மேலே ஹேண்ட் சானிடைசர் விட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். ஆல்கஹாலில் மை கரைந்து அடித்துணிக்கு இறங்கும். தேய்த்தால் பரவிவிடும். கலர் துணியாக இருந்தால் முதலில் உள்பக்கம் ஓரமாக ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம்: விளையாடி முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். வெந்நீர் பட்டால் ரத்தத்தில் உள்ள புரதம் இறுகி, நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

சேறு: இதற்கு மட்டும் அவசரப்படக் கூடாது. காய விட்டு, பிரஷால் தட்டி மண்ணை உதிர்த்த பிறகு நனையுங்கள்.

காலர் அழுக்கு: ஈரமாக்கி, சோப்புக் கட்டியைத் தேய்த்துக் கால் மணி நேரம் விட்டு, பிறகு பிரஷ். மெஷினை நம்பினால் காலரில் கறுப்புக் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

வாழைக்கறை: போகாது. அந்தச் சட்டையை அன்றிலிருந்து வீட்டுச் சட்டை என்று அறிவித்துவிடுங்கள்.

பிளீச் வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும். பட்டு, கம்பளி, கலர் எதற்கும் வேண்டாம். அதை வினிகரோடோ டாய்லெட் கழுவும் ஆசிட்டோடோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், விஷமான குளோரின் வாயு கிளம்பும். பிளீச், லிக்விட், சோப்புத்தூள் எல்லாம் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

படி 5: மெஷினை ஓட்டுங்கள்

டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்காதீர்கள். துணி புரள இடம் வேண்டும். ஜிப்பைப் போட்டுவிடுங்கள், கலர் துணியையும் ஜீன்ஸையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிவிடுங்கள். ஃப்ரண்ட் லோட் வைத்திருப்பவர்கள் அதற்கென்று விற்கிற, நுரை குறைந்த தூளையே வாங்குங்கள். சின்னக் குழந்தை இருந்தால் சைல்டு லாக்கையும் போட்டுவையுங்கள்.

சோப்புத்தூள் அளவில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். எங்களுடையது உப்புத் தண்ணீர், வாளியின் உள்பக்கமெல்லாம் வெள்ளைப் படிவு. இந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் சக்தியைக் கொஞ்சம் தின்றுவிடும், நுரை குறையும். நுரை வரவில்லையே என்று நான் அள்ளி அள்ளிப் போட்டேன். துண்டெல்லாம் அப்பளம்போல விறைத்தன, சின்னவளுக்கு முதுகில் அரிப்பு வந்தது. பாக்கெட்டில் உப்புத் தண்ணீருக்கு என்று போட்டிருக்கும் அளவோடு நிறுத்திக்கொண்டு, ஒரு அலசல் கூடுதலாக வைத்த பிறகு இரண்டும் சரியாயின. மென்மையாக்கும் லிக்விடைத் துண்டுக்கு விடாதீர்கள், துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் மெஷினுக்குள் படியும் உப்பையும் கவனிக்க வேண்டும். படிவு நீக்கும் பவுடர் கடைகளில் கிடைக்கிறது. துணி எதுவும் போடாமல், பாக்கெட்டில் சொன்ன அளவு போட்டு ஓட்டிவிடுங்கள். பஞ்சு சேரும் வலையை வாரம் ஒரு தடவை கழுவுங்கள். வேலை முடிந்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள்.

படி 6: காயப்போடுங்கள்

ஒவ்வொன்றையும் உதறிப் போடுங்கள், இஸ்திரி வேலை பாதி குறையும். சட்டையை ஹேங்கரில் மாட்டியே கொடியில் தொங்கவிட்டால் இடமும் மிச்சம், தோளில் க்ளிப் தடமும் விழாது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் இந்தப் படிதான் பரீட்சை. அந்த மாதங்களில் பாதி லோடுதான் போடுகிறேன், பிழிவதை இரண்டாம் தடவையும் ஓட்டுகிறேன். ஹாலில் ஸ்டாண்டை விரித்து, துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி விட்டு, ஃபேனை ஓடவிட்டு, ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். துணி நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் அதில் பாக்டீரியா பெருகி ஈர வாடை வரும். வாடை பிடித்த துணியைச் சென்ட் அடித்து மறைக்க முடியாது. துணி தாங்கும் சூட்டில் வெந்நீரில் மறுபடி துவைத்து, இந்தத் தடவை வேகமாகக் காயவையுங்கள்.

படி 7: மடியுங்கள்

எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது, அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொடியிலிருந்து எடுத்த துணி எல்லாம் அதன்மேல்தான். சுத்தத் துணி எது, ஒரு தடவை போட்டது எது என்று தெரியாமல் எல்லாம் மறுபடி அழுக்குக் கூடைக்கே போகும். துணி வேலையில் பாதி இந்த நாற்காலி கொடுத்தது.

நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது காய்ந்த துணி நேராக எங்கள் கட்டில்மேல் விழும். மடிக்காமல் படுக்க முடியாது. சின்னவளுக்குச் சாக்ஸ் ஜோடி சேர்க்கும் வேலை, அது அவளுக்கு விளையாட்டு. பெரியவன் தன் துணியைத் தானே மடிக்கிறான். கோணல்மாணலாக இருக்கும், அவன் கண்முன்னால் திருத்தி மடிக்காதீர்கள். அடுத்த நாள் வர மாட்டான். ஜோடி இல்லாத சாக்ஸுக்கு ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. மூன்று மாதமாகியும் இணை வராதது ஸ்கூட்டர் துடைக்கப் போகும்.

இஸ்திரியிலிருந்து வரும் யூனிஃபார்மை அலமாரியில் அடுக்குவதில்லை. ஒரு ஹேங்கரில் சட்டை, டவுசர், டை, அதன் கழுத்திலேயே சாக்ஸும் கைக்குட்டையும் ஒரு பையில். ஹேங்கருக்கு ஒரு நாள். செவ்வாய் இரவு வெள்ளை ஹேங்கர் இருக்கிறதா என்று பார்ப்பது பெரியவன் வேலை.

ஊருக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு வந்தால் மட்டும் இந்தக் கிழமைக் கணக்கு எதுவும் செல்லாது. பெட்டி நிறைய அழுக்கு, ஆளுக்கு ஒரு மூட்டை. அன்றைக்கு எல்லாவற்றையும் துவைக்க ஆரம்பிக்காதீர்கள். மூன்று கூடையிலும் பிரித்துப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை ஹேங்கர் இரண்டும் தயாரா என்று மட்டும் பார்த்துவிட்டுப் படுங்கள்.