பழைய வீட்டுக்கு இன்சுலேஷன் போடும்போது எங்கே சொதப்புகிறோம்

பனி கொட்டும் ஊரில் பழைய வீடு வாங்கியவர்கள், முதல் குளிர்காலத்து ஹீட்டிங் பில்லைப் பார்த்த கையோடு இன்சுலேஷனுக்காக, அதாவது சூடு வெளியேறாமல் தடுக்க, ஃபைபர்கிளாஸ் பஞ்சுச் சுருள்களை வாங்கி வந்து அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணில், விரித்துவிடுகிறார்கள். அடுத்த வருடமும் பில் பெரிதாக இறங்குவதில்லை. போதாக்குறைக்குக் கூரை ஓரத்தில் ஐஸ் தொங்குகிறது, படுக்கையறை மூலையில் பூஞ்சை பிடிக்கிறது. சரி, போட்டது போதவில்லை போல என்று அதன்மேல் இன்னோர் அடுக்கு. பஞ்சின் மேல் தப்பு எதுவும் இல்லை. வேலையைப் பாதியிலிருந்து ஆரம்பித்ததுதான் தப்பு.

முதலில் அடைக்க வேண்டியது காற்றை. சூடான காற்று மேலே ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது வீட்டை என்ன செய்கிறது என்பதைத்தான் யோசிப்பதில்லை. மேலே அட்டிக் ஓட்டைகள் வழியே சூடான காற்று வெளியேறினால், அந்த இடத்தை நிரப்ப பேஸ்மென்ட் என்ற நிலவறையின் இடுக்குகள் வழியே அதே அளவு குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். வெளியே குளிர் ஏற ஏற இந்த இழுப்பும் ஏறும், மாடி வீடு என்றால் இன்னும் அதிகம். கீழே கால் சில்லிடுகிறது என்று பேஸ்மென்டிலேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருப்போம், பாதிக் காரணம் தலைக்கு மேலே இருக்கும்.

ஃபைபர்கிளாஸ் காற்றை நிறுத்தாது, வடிகட்டித்தான் அனுப்பும். நம்பிக்கை இல்லையென்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அட்டிக்கில் ஏறி, பழைய பஞ்சைப் புரட்டிப் பாருங்கள். மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டிய பஞ்சில் ஆங்காங்கே கறுத்த திட்டுகள் தெரியும். பலர் அதைப் பூஞ்சை என்று நினைத்து அலறுவார்கள், பெரும்பாலும் அது வெறும் தூசு. வருடக்கணக்காகக் கீழிருந்து ஏறிய காற்று விட்டுப்போன தூசு. அந்தத் திட்டுக்கு நேர் கீழே ஏதோ ஓர் ஓட்டை இருக்கும்: வயர் நுழைத்த துளை, உள்சுவரின் தலைப்பகுதி, குளியலறைப் பைப் மேலே ஏறும் இடம். பழைய பஞ்சை அள்ளித் தூக்கிப் போடுவதற்கு முன் அந்தத் திட்டுகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் ஓட்டை வரைபடம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதைக் குப்பையில் போடாதீர்கள்.

சிறு துளைகளுக்கு ஸ்ப்ரே ஃபோம் டப்பாவும் இடுக்கு அடைக்கும் பசையான கால்க்கும் போதும். சிம்னியைச் சுற்றியுள்ள இடைவெளிதான் பழைய வீடுகளில் பெரிய ஓட்டை, சில வீடுகளில் கையே நுழையும். அங்கே ஃபோம் அடிக்கக் கூடாது, அது எரியும். தகரத் தகட்டை வெட்டிப் பொருத்தி, அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். மரச்சட்டங்களுக்கும் செங்கல் சிம்னிக்கும் நடுவே வழக்கமாக விடும் 2 அங்குல இடைவெளியில் பஞ்சையும் திணிக்கக் கூடாது. அறையின் உட்கூரையில் பதித்த பழைய விளக்குகளும் இப்படித்தான்: இன்சுலேஷன் தொடலாம் என்ற சான்று இல்லாத விளக்கை மூடினால் சூடேறித் தீப்பிடிக்கும். 3 அங்குலம் தள்ளிப் போடுவது ஒரு வழி, ஆனால் அந்த இடைவெளியே ஒரு ஓட்டைதான். காற்றுப் புகாத, சான்றுள்ள எல்.இ.டி. விளக்காக மாற்றிவிடுவது உத்தமம்.

அட்டிக் மூடியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு. ஆர் மதிப்பு என்பது ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, கூடக் கூட நல்லது. 1000 சதுர அடி அட்டிக், முழுக்க ஆர்-50 அளவுக்குத் தடிமனாகப் போட்டாயிற்று. நடுவில் 10 சதுர அடிக்கு இழுத்து இறக்கும் மடிப்பு ஏணி, அதன் முதுகில் வெறும் பிளைவுட், ஆர்-1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பை ஆர் மதிப்பால் வகுத்தால் வெப்பம் எந்த விகிதத்தில் போகிறது என்று தெரியும். மீதி 990 சதுர அடிக்கு வருவது சுமார் 20. ஏணிக்கு மட்டும் 10. நூற்றில் ஒரு பங்கு இடம், மொத்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தின்கிறது, இதில் விளிம்பு இடுக்குகளில் போகும் காற்றைச் சேர்க்கவே இல்லை. ஃபோம் பலகையில் ஒரு பெட்டி செய்து ஏணிக்கு மேல் கவிழ்த்து, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினால் முடிந்தது வேலை. அதே கணக்கில், ஆர்-50-ஐ ஆர்-60 ஆக்கினால் 20 என்பது 17 ஆகும், அவ்வளவுதான். ஆர்-10 இருக்கும் அட்டிக்கை ஆர்-30 ஆக்கினால் 100 என்பது 33 ஆகும். ஏற்கெனவே தடிமனாக இருக்கும் இடத்தில் இன்னும் குவிப்பதை விட, மெலிந்த இடத்தைத் தேடிப் போவதுதான் புத்திசாலித்தனம். பஞ்சை அமுக்கித் திணித்தால் பலன் கூடும் என்று நினைப்பவர்களும் உண்டு. குறையும். 6 அங்குலப் பஞ்சை 4 அங்குலத்தில் அடைத்தால் 6 அங்குலத்துக்கு உரிய ஆர் மதிப்பு கிடைக்காது.

அடுத்தது கூரை ஓர ஐஸ். இதற்குப் பாவம் மழைநீர்க் குழாய் பழியை ஏற்கிறது. நடப்பது வேறு. அட்டிக்கில் கசிந்த சூட்டால் கூரையின் மேல்பகுதி பூஜ்யம் டிகிரிக்கு மேலே போய், பனியின் அடிப்பகுதி உருகும். அந்தத் தண்ணீர் பனிக்கு அடியிலேயே வழிந்து ஓரத்துக்கு வரும். சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் அந்த ஓரத்துக்குக் கீழே சூடு கிடையாது, அதனால் வந்த தண்ணீர் அங்கேயே உறைந்து வரப்பு கட்டியது போல நிற்கும். பின்னால் வரும் தண்ணீர் தேங்கி, கூரைமேல் வேய்ந்த ஷிங்கிள் தகடுகளுக்கு அடியில் புகுந்து, ஒருநாள் வரவேற்பறைச் சுவரில் கறையாக இறங்கும். சுத்தியலால் ஐஸை உடைக்கப் போய் ஷிங்கிளையும் சேர்த்து உடைப்பவர்கள் வருடா வருடம் உண்டு. ஹீட்டிங் கேபிள் போடுவது தண்ணீருக்கு வழிவிடும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும், கரன்ட் பில் வேறு ஏறும். பனி பெய்து ஓய்ந்த மறுநாள், வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். எங்கே பனி உருகி ஷிங்கிள் தெரிகிறதோ அதற்குக் கீழேதான் சூடு கசிகிறது.

இங்கேதான் இன்னொரு தவறும் சேர்ந்துகொள்ளும். பஞ்சைக் கூரை ஓரம் வரை தள்ளித் தள்ளி, சாஃபிட் வென்டை, அதாவது கூரை ஓரத்தின் அடிப்பக்கம் இருக்கும் காற்றுத் துளைகளை, அடைத்துவிடுவார்கள். அந்தத் துளைகள் வழியே வெளிக்காற்று நுழைந்து, கூரைப் பலகையின் அடியில் ஓடி, உச்சி வென்ட் வழியே வெளியேறினால்தான் அட்டிக் குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும். பஞ்சு போடும் முன் ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும், பஞ்சு காற்றுவழியை அடைக்காமல் தடுக்கும் அட்டை பொருத்துங்கள். குளிர்காற்று வருகிறதே என்று குளிர்காலத்தில் அட்டிக் வென்டைத் துணி வைத்து அடைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல! அட்டிக் குளிராகத்தான் இருக்க வேண்டும். அங்கே யாரும் குடியிருக்கவில்லை.

இனி ஈரம். 21 டிகிரி சூட்டில், 40 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் சாதாரண அறைக் காற்று, 7 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்க்க ஆரம்பிக்கும். பனிக்கால அட்டிக்கில் 7 டிகிரிக்குக் கீழே இல்லாத பொருளே கிடையாது. அதனால் கசிந்த காற்றின் ஈரம் கூரை ஆணி முனைகளில் வெண்பனியாகப் படியும். நாலைந்து நாள் குளிருக்குப் பிறகு ஒருநாள் நல்ல வெயில் அடித்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் உருகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரரை அழைப்பார்கள், அவர் வந்து பார்த்தால் கூரை நன்றாக இருக்கும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் அட்டிக்குள்ளேயே முடிகிறதா என்று முதலில் பாருங்கள், பழைய வீடுகளில் இது சர்வ சாதாரணம். குழாயை இன்சுலேட் செய்து, கூரைக்கோ சுவருக்கோ வெளியே கொண்டுபோய் விட வேண்டும். சாஃபிட் அருகில் விட்டால் அந்த ஈரக்காற்று மறுபடி வென்ட் வழியே உள்ளே ஏறும்.

ஈரம் ஊடுருவாமல் தடுக்கும் படலமான வேப்பர் பேரியர் விஷயத்தில் குழப்பத்துக்குப் பஞ்சமில்லை. குளிர் பிரதேசத்தில் அது சூடான பக்கம், அதாவது அறையை ஒட்டிய பக்கம் இருக்க வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று. பழைய பஞ்சின் மேல் பாலித்தீன் ஷீட்டை விரித்துப் புதுப் பஞ்சு போடுவது, ஈரத்தடுப்புக் காகிதம் ஒட்டிய பஞ்சைக் காகிதப் பக்கம் மேலே பார்க்க வைப்பது, இரண்டும் ஈரத்தை நடுவில் சிறைவைக்கும் வேலை. ஏற்கெனவே இருப்பதன் மேல் போடுவதாக இருந்தால் காகிதமில்லாத பஞ்சோ ஊதிப் போடும் செல்லுலோஸ் என்ற காகிதத் துகளோ போதும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம், இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அட்டிக்கில் சாம்பல் அல்லது பொன் பழுப்பு நிறத்தில், மின்னுகிற சிறு சரளை மாதிரி ஏதாவது கொட்டிக் கிடந்தால் கை வைக்காதீர்கள். அது இன்சுலேஷனாகக் கொட்டிய வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. 1990-இல் சுரங்கம் மூடப்படும் வரை அந்தச் சரக்கு சோனோலைட் என்ற பெயரில் ஏராளமான வீடுகளுக்குப் போயிருக்கிறது. வாக்யூம் கிளீனர் போட்டு இழுத்தால் நார் வீடு முழுக்கப் பறக்கும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைத்தான் அழைக்க வேண்டும். பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய பழைய வயரிங் இருந்தாலும் நிறுத்துங்கள். அது சுற்றியுள்ள காற்றில் சூட்டைத் தணித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது, பஞ்சால் மூடினால் தணிய வழியில்லை. எலக்ட்ரீஷியன் மாற்றித் தந்த பிறகு மீதி வேலை.

சுவர்கள் அட்டிக்கை விடச் சிக்கல். 1940-க்கு முந்தைய மரச்சட்ட வீடுகள் பலவற்றில் சுவருக்குள் இருக்கும் வெற்றிடம் பேஸ்மென்டிலிருந்து அட்டிக் வரை தடையே இல்லாமல் நீளும். அங்கே செல்லுலோஸை ஊதினால் மேலே நிரம்பாமல் கீழே பேஸ்மென்டில் வந்து குவியும், முதலில் மேலும் கீழும் அடைக்க வேண்டும். செங்கல் வீடு என்றால் இரண்டு மடங்கு யோசியுங்கள். இத்தனை வருடம் உள்ளிருந்து கசிந்த சூடுதான் அந்தச் செங்கலை உலர்த்தி வந்தது. உள்பக்கம் தடிமனாக இன்சுலேஷன் போட்டுவிட்டால் செங்கல் குளிர்ந்து, நனைந்தது காயாமல், உறைந்து உருகி உறைந்து முகம் உதிரும். சுவருக்குள் செருகிய மர உத்தரங்களின் முனைகளும் மக்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். முதலில் மழைநீர்க் குழாய், சாந்து இடுக்கு எல்லாவற்றையும் சரிசெய்து, கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுவிட்டுத்தான் உள்பக்கம் தொட வேண்டும்.

பேஸ்மென்டில் கான்கிரீட்டை ஒட்டிப் பஞ்சு வைத்து அதன்மேல் பாலித்தீன் அடிப்பது பழைய வழக்கம், சில வருடத்தில் பிரித்துப் பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். தண்ணீர் வரும் வழியை முதலில் நிறுத்தி, ஃபோம் பலகையைக் கான்கிரீட்டில் நேராக ஒட்டி, இணைப்புகளை டேப் போட்டு மூடி, தீக்காக அதன்மேல் ஜிப்சம் பலகை போடுவதுதான் சரி. அஸ்திவாரச் சுவருக்கு மேல், தரை உத்தரங்களின் முனையில் வரும் மரப் பலகையை விட்டுவிடாதீர்கள். கீழிருந்து இழுக்கப்படும் குளிர்காற்றுக்கு அதுதான் வாசல். ஃபோம் துண்டுகளை அளவாக வெட்டிச் செருகி நாலு பக்கமும் ஃபோம் அடித்தால் காற்றும் நிற்கும்.

ஜன்னல் மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஒற்றைக் கண்ணாடி ஆர்-1 என்றால் சாதாரண இரட்டைக் கண்ணாடி ஆர்-2 அளவுதான், செலவோ மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். மரச்சட்டம் மக்காமல் இருந்தால், இடுக்கை அடைத்து, வெளியே ஸ்டார்ம் ஜன்னல் என்ற கூடுதல் ஜன்னல் ஒன்றை மாட்டினால் பாதிக்குமேல் வேலை முடிந்துவிடும்.

வீடு இறுகிய பிறகு வரும் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். அறைக் காற்றையே எடுத்து எரித்து, புகையைச் சிம்னியில் தானாக ஏறவிடும் பழைய கேஸ் வாட்டர் ஹீட்டரோ வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோ இருந்தால், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் புகை ஏறுவதற்குப் பதில் உள்ளே திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.) என்ற விஷவாயு இருக்கலாம், அதற்கு வாசனை கிடையாது. வேலை முடிந்ததும் எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டு, புகை உள்ளே திரும்புகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், மாடிக்கு ஒன்றாக சி.ஓ. அலாரம் வையுங்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய். அட்டிக் தளத்தில் பஞ்சு போட்டதும் அட்டிக் முன்பை விடக் குளிரும், அங்கே ஓடும் பைப் முதல் குளிரிலேயே உறைந்து வெடிக்கும். வெளிச்சுவருக்குள் பைப் இருந்தால், பஞ்சு பைப்புக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், பைப்புக்கும் அறைக்கும் நடுவே அல்ல.

வேலைக்கு ஆளைப் பேசும்போது ப்ளோயர் டோர் டெஸ்ட் செய்வாரா என்று கேளுங்கள். வாசலில் பெரிய ஃபேன் மாட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளப்பார்கள். தொடங்குவதற்கு முன் ஒருமுறை, ஓட்டைகளை அடைத்த பிறகு பஞ்சு ஊதுவதற்கு முன் ஒருமுறை. ஒரு அடி உயரத்துக்கு செல்லுலோஸ் கொட்டிய பிறகு அளந்து, இன்னும் கசிகிறது என்று தெரிந்தால், அந்த ஓட்டையைத் தேட அத்தனையையும் கையால் விலக்க வேண்டியிருக்கும்.