கீமோ ஓடும்போது காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும், ஏன் பண்ணணும்

வீட்டுல யாருக்காவது கேன்சருக்கு கீமோ ஆரம்பிக்கப் போறாங்கன்னா முதல்ல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஏன்னு புரிஞ்சிக்கிட்டா யாரும் சொல்லாமலே கவனமா இருப்பீங்க, அதனால அதை முதல்ல சொல்லிடறேன்.

ஒரு செல் ரெண்டாகணும்னா முதல்ல தன்னோட டிஎன்ஏவை முழுசா காப்பி எடுக்கும், அப்புறம் அந்த ரெண்டு செட்டையும் ரெண்டு பக்கமா இழுத்துப் பிரிக்கும், நடுநடுவுல எல்லாம் சரியா இருக்கான்னு செக் பண்ணிக்கும், தப்பு இருந்தா நின்னு சரி பண்ணும், முடியலைன்னா தானே செத்துப்போகும். கேன்சர் செல்லுல இந்த செக்கிங் கெட்டுப்போயிருக்கும், அதனால நிக்காம பெருகிக்கிட்டே போகும். கீமோ மருந்துல பெரும்பாலானது அடிக்கறது இந்தப் பெருகற வேலையைத்தான். சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவையே பின்னிப் போட்டுடும், பேக்லிடாக்செல் இழுத்துப் பிரிக்கற இழைகளை அசையவிடாம இறுக்கிடும். ஆனா மருந்துக்கு எது கேன்சர் செல், எது நல்ல செல்னு தெரியாது. வேகமா பெருகற முடி வேர், வாய், குடலோட உள்பக்கம், எலும்பு மஜ்ஜை எல்லாம் சேர்ந்து அடி வாங்கும்.

இதுல ரொம்ப பயப்பட வேண்டியது மஜ்ஜையைத்தான், ரத்த அணுவெல்லாம் உண்டாகறது அங்கதான். சிவப்பணு 120 நாள் போல ஓடும், ஆனா பாக்டீரியாவை முதல்ல ஓடிப்போய் மடக்கற நியூட்ரோபில்னு ஒரு வெள்ளையணு இருக்கு பாருங்க, அது ரத்தத்துல ஒரு நாள் தாங்கினாலே பெருசு, மஜ்ஜை தினமும் புதுசு புதுசா செஞ்சு அனுப்பிக்கிட்டே இருக்கணும். அந்த வேலை நின்னா முதல்ல விழறது இதுதான். பெரும்பாலான கீமோல மருந்து ஏத்தின 7ஆவது நாள்லேர்ந்து 14ஆவது நாளுக்குள்ள கவுண்ட், அதாவது நியூட்ரோபில் எண்ணிக்கை, அடிமட்டத்துக்குப் போகும், சில மருந்துக்கு நாள் மாறும், உங்க டாக்டர்கிட்ட கேட்டு அந்த நாட்களை காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.

ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் பாக்கறதும் கஷ்டமில்ல. மொத்த வெள்ளையணு 2,000, நியூட்ரோபில் 40 சதவீதம்னா 2,000ல 40 சதவீதம், 800. அந்த நம்பர்தான் முக்கியம். 1,500க்குக் கீழ போனா கம்மி, 500க்குக் கீழன்னா ரொம்ப ஆபத்து.

கவுண்ட் விழுந்த ஆளுக்கு இன்ஃபெக்ஷன் வந்தா பெரும்பாலும் சீழ் பிடிக்காது, சிவந்து வீங்காது, ஏன்னா அதையெல்லாம் உண்டாக்கறதே அந்த வெள்ளையணுதான். வெளிய தெரியற ஒரே அடையாளம் பல நேரம் காய்ச்சல் மட்டும்தான். அதனால காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாருங்க, குளிர் நடுக்கம் வந்தா உடனே பாருங்க. சூடா எதாவது குடிச்சிருந்தா ஒரு அரைமணி நேரம் விட்டு வாய்ல வைங்க. ஆசனவாய்ல மட்டும் வைக்கவே கூடாது.

38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்துட்டா ராத்திரி 2 மணியா இருந்தாலும் போன் பண்ணிட்டு கிளம்புங்க. டாக்டர் சொல்லாம பாராசிட்டமால் குடுக்காதீங்க, அது காய்ச்சலை மறைக்கும், உள்ள இருக்கற கிருமியைத் தொடாது. எங்க அம்மாவுக்கு ரெண்டாவது சைக்கிள், அதாவது ரெண்டாவது தடவை மருந்து ஏத்தின 10ஆவது நாள் 100.6 இருந்துச்சு, அவங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு விடியட்டும்டா, ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்னாங்க, நான் கேக்கல, போய்ப் பார்த்தா கவுண்ட் 300. அங்க போனதும் முதல் வார்த்தையா கீமோ பேஷண்ட், இத்தனாவது நாள், காய்ச்சல்னு சொல்லுங்க. போன ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தம் எடுத்துட்டு ஆன்டிபயாடிக் ஏத்தணும்ங்கறதுதான் கணக்கு, அதனால வரிசைல உக்காந்துக்கிட்டு இருக்காதீங்க. ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் காய்ச்சலே வராம போகலாம், ஆள் திடீர்னு சோர்ந்துட்டாலோ பேச்சு தடுமாறினாலோ அதையும் காய்ச்சல் மாதிரியே எடுத்துக்கங்க.

மத்தது சின்ன சின்ன விஷயம். கை கழுவறது, நல்லா வெந்த சாப்பாடு, சாஃப்ட் பிரஷ், சளி பிடிச்சவங்க பக்கத்துல வராம இருக்கறது. எதிர்ப்பு சக்தி கூட்டும்னு யாராவது பொடி, கஷாயம் குடுத்தா டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க, சிலது மருந்தோட மோதும். கவுண்ட் ஏத்த ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டா எலும்பு வலிக்கும், மஜ்ஜை வேலை பாக்குதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க.

இன்னொன்னு, இம்யூனோதெரபின்னு சொன்னா அது கீமோ இல்ல. டி செல்னு ஒரு வகை வெள்ளையணு கேன்சரை அடிக்கும், அதுக்கு இயல்பாவே இருக்கற பிரேக்கை எடுத்துவிடற மருந்துகள் அதுல இருக்கு, அந்த பிரேக்கை எடுத்துவிட்டு கேன்சரை அடிக்கலாம்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல நோபல் குடுத்தாங்க. அதுல பிரச்சனை தலைகீழ், எதிர்ப்பு சக்தி எகிறி குடல், நுரையீரல், தோல்னு நம்மையே தாக்கலாம், விடாத வயித்துப்போக்கு, மூச்சு வாங்கறது, தடிப்பு வந்தா மருந்துக்கடைல எதையாவது வாங்கிப் போடாம உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. என்ன மருந்து, எந்தத் தேதி ஏத்தினாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, கடைசி ரிப்போர்ட்டோட ஒரு பைல போட்டு கதவு பக்கத்துலயே மாட்டி வைங்க.