ஐப்பசி மழைக்குள் அப்பளக் கூடத்துக்கு டிரையர்

மொட்டைமாடி வெயிலை நம்பி ஓடும் மதுரை அப்பளக் கூடங்களுக்கு ஐப்பசிதான் கெடு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்கிவிடும். மழையிலும் அப்பளம் காயவைக்க மின்சார டிரையர் வாங்கலாம் என்று புரட்டாசி பிறந்ததும் முடிவெடுத்தால் நாலைந்து வாரம்தான் கையில் இருக்கும். நடுவில் ஆயுத பூஜை வேறு. அந்த வாரம் எலக்ட்ரீஷியனைப் பிடிப்பது பெரும்பாடு.

ஆகவே டிரையருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே, கூடுதல் லோடு கேட்டு மின்வாரியத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். 12 கிலோவாட் ஹீட்டர் சிங்கிள் பேஸில் 52 ஆம்பியர் இழுக்கும். த்ரீ பேஸ் இல்லாமல் நடக்காது. டிரையர் வந்து இறங்கி, கரண்ட் வராமல் கிடந்தால் கெடு போய்விடும்.

தட்டுக் கணக்கில் ஏமாறாதீர்கள். 32க்கு 16 அங்குலத் தட்டில் 4 அங்குல அப்பளம் 32 பிடிக்கும் என்பது காகிதக் கணக்கு. ஒட்டாமல் இடைவெளி விட்டால் 21தான். 48 தட்டு டிரையர் என்றால் ஓர் ஈடு ஏறத்தாழ 1,000. ஏற்றி இறக்குவதோடு ஈட்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், எட்டு மணி நேரத்தில் 5,000. உங்கள் உற்பத்தி அதற்கு மேல் என்றால் வெயில் இருக்கும்போதே இருப்புச் சேர்க்க வேண்டும். தட்டு துளையிட்ட எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) ஆகட்டும். அலுமினியத்தை அப்பளக்காரம் அரிக்கும்.

வெயில் போவதற்குள் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. நன்றாக வந்த ஒரு லாட்டில் தேய்த்த ஈர அப்பளம் 1 கிலோ எடுத்து, காய்ந்த பின் மறுபடி நிறுங்கள். 30 சதவீத ஈரம் 14க்கு இறங்கினால் 814 கிராம் நிற்கும். உங்கள் மாவில் எவ்வளவு நிற்கிறதோ, அந்த எடைதான் டிரையருக்கும் இலக்கு. ஈரம் அளக்கும் மீட்டர் தேவையில்லை.

சோதனை ஓட்டத்தில் முதலில் விசிறி சுற்றும் திசையைப் பாருங்கள். பேஸ் மாறியிருந்தால் திருப்பிச் சுற்றும், காற்று சரியாக ஓடாது. பிறகு 45 டிகிரியில் தொடங்குங்கள். அவசரத்தில் 60க்கு ஏற்றினால் மேல்தோல் முதலில் இறுகி, ஓரம் சுருண்டு வெடிக்கும். உள் ஈரம் மாட்டிக்கொள்ளும். பாதி காய்ந்ததும் வெளியே எடுத்து அடுக்கி, பாரம் வைத்து, ஈரம் சமமானதும் மறுபடி ஏற்றினால் தட்டையாக வரும். விசிறிக்குப் பக்கத்துத் தட்டுகள் முந்திக் காயும், அதனால் நடுவில் இடம் மாற்றுங்கள்.

மழைக்காற்று உள்ளே வரக்கூடாதென்று டேம்பரை (காற்று போய்வரும் வழியின் கதவை) மூடுவது பலர் செய்யும் தவறு. 27 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 33 சதவீதமாக இறங்கிவிடும். அந்தக் காற்று உலர்த்தும். மூடி வைத்தால் அப்பளம் விட்ட நீராவி உள்ளேயே சுற்றும்.

இந்த வாரங்களில் உளுந்து மாவுக் கடையையோ அப்பளக்கார அளவையோ மாற்ற வேண்டாம். பொரிதல் குறைந்தால் பழி எதன் மேல் என்றே தெரியாது. மாடியையும் டிரையரையும் ஒரு வாரமாவது சேர்த்து ஓட்டி, இரண்டையும் ஒரே எண்ணெயில் பொரித்துப் பாருங்கள். டிரையர் சரக்கைச் சூடு ஆறாமல் கவரில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காற்றில் முழுதும் ஆறிய பிறகே பேக்கிங்.