சமையல் மேடைக் கல்லில் மிக்மடைட்டைப் படிப்பது எப்படி?

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து 'பாரடைசோ' என்ற பெயரில் வரும், நெளிநெளியான வரிகள் கொண்ட பலகைக் கல்லைச் சில வீடுகளின் சமையல் மேடையில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரருக்கு மெருகேறும் கடினக் கல் எல்லாமே கிரானைட்தான். புவியியலில் இதன் பெயர் மிக்மடைட். உருமாறிய பாறை ஆழத்தில் ஓரளவு உருகி, அந்த உருகல் அங்கேயே கிரானைட்டாக உறைந்த கலப்புப் பாறை இது. கலவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1907இல் உருவாக்கியவர் ஃபின்லாந்துப் புவியியலாளர் செடர்ஹோம்.

முதற்படியாக, கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வரிகளைப் பிரித்துப் பாருங்கள். வெளிர் வரிகளில் கண்ணாடிபோன்ற குவார்ட்ஸும், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரும் பருமணிகளாக இருக்கும். கரிய இழைகள் பெரும்பாலும் பயோடைட் என்னும் கருநிற மைக்கா. இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறப் பகுதி அதிகம் உருகாத பழைய பாறை.

அடுத்து, வெளிர் கனிமங்கள் மட்டும் ஏன் உருகின என்று கேளுங்கள். தனிக் குவார்ட்ஸ் உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் ஃபெல்ட்ஸ்பாரும் நீரும் சேர்ந்துவிட்டால், குல்பிப் பானையில் உப்புப் பட்ட ஐஸ் சீக்கிரம் கரைவதுபோல, சுமார் 650 டிகிரியிலேயே உருகல் தொடங்கிவிடும். கண்டங்கள் மோதிப் புவியின் மேலோடு தடித்த இடங்களில், 20 கிலோமீட்டருக்கும் கீழே இந்த வெப்பம் கிடைக்கும். தனியாக நீர் வராத இடத்தில் மைக்காவே சிதைந்து தன்னுள் இருக்கும் நீரைக் கொடுக்கும். அதற்கு இன்னும் கூடுதல் வெப்பம் தேவை.

மூன்றாவது படியில்தான் நிதானம் வேண்டும். ஒரு வெள்ளை வரியின் இரு கரைகளையும் விரல் வைத்துப் பின்தொடருங்கள். கரை நெடுகக் கண்ணிமையில் தீட்டிய மைபோல் கரிய விளிம்பு ஓடினால், உருகல் அநேகமாக அந்த இடத்திலேயே பிறந்தது; வெள்ளை பிரிந்து சென்றபின் எஞ்சிய சக்கையே அந்த விளிம்பு. விளிம்பே இல்லாமல், பழைய வரிகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வெள்ளைக் கோடானால், அது வேறிடத்திலிருந்து புகுந்த உருகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இறுதியாக, பழைய வரியமைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அது தொடர்ச்சியாக இருந்தால் உருகல் குறைவு. சிதைந்து, கருந்துண்டுகள் வெளிர் பாறையில் மிதப்பதுபோல் தெரிந்தால் உருகல் மிகுதி. இத்தகைய உருகல் திரண்டு மேலே நகர்ந்து உறைந்தால், அதுவே கிரானைட் பாறைத்திரள்.