மலையகக் குளிரில் தோசை மா புளிக்க ஒரு வெப்பப் பெட்டி

கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும், தை மாசிக் குளிரில் இரவு அரைத்து வைத்த தோசை மா விடிந்த பின்னும் வைத்தபடியே கிடக்கும். இது உழுந்தின் குற்றமன்று. மாவைப் பொங்கச் செய்யும் பற்றீரியாக்கள் 28 முதல் 30 பாகை செல்சியஸில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். லாகர் என்ற பியர் வகையைப் புளிக்கச் செய்யும் மதுவத்துக்கோ (ஈஸ்ட்) ஏறத்தாழ 8 முதல் 13 பாகை வரையான குளிரே உகந்தது. அதனால் வெப்பமான ஊர்களில் வீட்டில் பியர் செய்பவர்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியொன்றை வெப்பநிலைக் கட்டுப்படுத்தியுடன் இணைத்துக்கொள்கிறார்கள். அதே கருவியைக் கொண்டு, குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்குவதே நமது வேலை.

மீன் ஏற்றி வரும் ரெஜிபோம் (வெண்ணிற நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டி போதும். சுவர் 2 சென்ரிமீற்றர் தடிப்பும், எல்லாப் பக்கங்களும் சேர்ந்து ஒரு சதுர மீற்றர் பரப்பும் இருந்தால், உள்ளும் புறமும் உள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 1.75 வாற்று வெப்பம் கசியும். வெளியே 12 பாகையும் உள்ளே 28 பாகையும் என்றால் இழப்பு 28 வாற்று. ஆகவே 40 வாற்று இழை மின்குமிழ் போதுமானது. இதைவிடப் பெரியதை மாட்ட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு: கட்டுப்படுத்தி பழுதாகி மின்குமிழ் அணையாமலே எரிந்தாலும், பெட்டி 35 பாகையளவில் நின்றுவிடும். எல்இடி மின்குமிழ் போதிய வெப்பம் தராததால் இதற்கு உதவாது.

மின்குமிழின் சூடான கண்ணாடி ரெஜிபோமை உருக்கும். அந்தக் கண்ணாடிமேல் ஒரு நீர்த்துளி விழுந்தால் வெடிக்கவும் கூடும். எனவே மின்குமிழைப் பீங்கான் ஹோல்டரில் பொருத்தி, தரையோட்டுத் துண்டொன்றின் மேல் நிறுத்தி, அடியிலும் மேலிலும் துளையிட்ட வெற்றுப் பால்மா டின்னால் மூடி, டின்னுக்கும் ரெஜிபோமுக்கும் இடையே ஐந்து சென்ரிமீற்றராவது இடைவெளி விட வேண்டும். டின் உலோகம் என்பதால் அதற்குப் புவித்தொடுப்பு அவசியம். கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ற்றுச் சிறு மின்விசிறி, அதற்குரிய அடப்டருடன், காற்றை இடைவிடாது சுழற்றட்டும்.

எஸ்டிசி-1000 என்ற கட்டுப்படுத்தி இணையக் கடைகளில் கிடைக்கும். 220 வோல்ற்று வகையையே கேட்டு வாங்குங்கள். வழக்கமாக 1, 2 ஆம் முனைகள் மின்சாரத்துக்கும், 3, 4 வெப்பநிலையை அளக்கும் உணரிக்கும், 5, 6 சூடாக்கிக்கும், 7, 8 குளிர்விப்பானுக்கும் உரியவை. மேலோட்டில் ஒட்டியிருக்கும் வரைபடத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5, 6 வெறும் சுவிச்சாகவே இயங்குவதால், உயிர்க்கம்பியிலிருந்து ஓர் இணைப்பை 5க்குக் கொடுத்து, 6இலிருந்து மின்குமிழுக்குக் கொண்டுபோக வேண்டும். 7, 8 வெறுமையாக இருக்கட்டும். பழைய லயன் வீட்டு வயரிங்கில் ட்ரிப் சுவிச் இல்லையென்றால், இந்த வேலையைத் தெரிந்த மின்னியலாளரிடம் ஒப்படைப்பதே நல்லது.

கட்டுப்படுத்தியில் F1ஐ (வேண்டிய வெப்பநிலை) 28 ஆகவும் F2ஐ (அனுமதிக்கும் வேறுபாடு) 0.5 ஆகவும் வைத்தால், 27.5இல் மின்குமிழ் எரிந்து 28இல் அணையும். உணரியைக் காற்றில் தொங்கவிடுவது பலரும் செய்யும் பிழை. காற்று சில நிமிடங்களில் சூடாகிவிடும். மாவோ மணிக்கணக்காகக் குளிர்ந்தே இருக்கும். உணரியைப் பாத்திரத்தின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே ஒரு ரெஜிபோம் துண்டை வைத்துக் கட்டுங்கள்.

அரைக்கும்போது இளஞ்சூட்டு நீரை ஊற்றுங்கள், இதுவே பாதி வேலை. 15 பாகையில் உள்ள நான்கு கிலோ மாவை, இழப்புப் போக மிஞ்சும் 12 வாற்றைக் கொண்டு 28க்கு உயர்த்த நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மா பொங்கிவிடும். இரவொன்றுக்கு மின்சாரம் ஓர் அலகில் மூன்றில் ஒரு பங்குதான்.

தயிருக்கு 42 பாகை வேண்டும் என்பதால், அன்று மட்டும் F1ஐ 42 ஆக்கி, 60 வாற்று மின்குமிழை மாட்டி, காய்ச்சி இளஞ்சூடாக ஆற்றிய பாலில் உறை ஊற்றி, ஐந்து மணி நேரத்தின் பின் திறந்து பாருங்கள். தோசை மாவுக்கு முன் F1ஐ மீண்டும் 28 ஆக்கி, 40 வாற்றை மீண்டும் மாட்ட மறக்காதீர்கள்.