லாரி ஓட்டுநரின் சாப்பாடு: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் லாரி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். குறுவை அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா அறுவடை நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம், அதாவது நெல் மூட்டை, ஏற்றக் காத்திருக்க வேண்டும். ஏற்றிய பிறகு கிடங்கு வாசலிலோ, நீடாமங்கலம், தஞ்சாவூர் ரயில் கூட்ஸ் ஷெட்டிலோ இறக்கக் காத்திருக்க வேண்டும். ஒரு நடைக்கு வண்டி ஓடுவது நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும், பொழுதோ இரண்டு நாள் போய்விடும். வட இந்தியா போகிற லைன் லாரிக்காரர்களுக்குச் சாலையோர தாபா உண்டு. கொள்முதல் நிலையம் இருக்கிற கிராமத்தில் ஒரு டீக்கடையும் அதில் வடை, பஜ்ஜி, பன்னும்தான் கிடைக்கும். உடம்பும் பேட்டாவாகத் தரும் படிக்காசும் கரைவது இந்த இடத்தில்தான்.

பசி வந்த பிறகு யோசிப்பது

காலையில் ஒரு டீ, பத்து மணிக்கு இரண்டு வடை, பிற்பகல் மூன்று மணிவரை ஒன்றுமில்லை, வரிசை நகர்ந்ததும் ஓட்டம், இரவு பதினொரு மணிக்குப் பைபாஸ் ஓரத்தில் பரோட்டா. பெரும்பாலான ஓட்டுநர்களின் நாள் இப்படித்தான் போகிறது. மூன்று பரோட்டா, சால்னா, ஓர் ஆம்லெட் என்றாலே ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும். அதைச் சாப்பிட்டுவிட்டு உடனே சீட்டில் சாய்ந்து படுத்தால் நெஞ்செரிச்சல் நிச்சயம். சாப்பிட்டுவிட்டு ஓட்டினால் ஆபத்து இன்னும் பெரிது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை உடல் தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும், வயிறு நிறைந்திருந்தால் அந்த இழுப்பு கூடும்.

ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. வயிற்றுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள். டோக்கன் போட்டு வரிசையில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக அரிசியை ஊறவையுங்கள். முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிவிட்டு ஊறவைக்கலாம் என்றிருந்தால் அது நடக்காது.

லோடுமேன் அளவுக்குச் சாப்பிடுவது

இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. ஒரே கடையில், ஒரே மேசையில் லோடுமேனும் ஓட்டுநரும் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். லோடுமேன் நாள் முழுக்க 40 கிலோ மூட்டையைத் தலையில் சுமக்கிறார். ஓட்டுநர் உட்கார்ந்தே இருக்கிறார். உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி போதும். புரதம் மட்டும் குறையக் கூடாது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் தந்த அளவு. முழுச் சாப்பாட்டில் சோறு எத்தனை முறை கேட்டாலும் வரும், கூட்டும் பொரியலும் ஒரு கரண்டியோடு நின்றுவிடும். ஆகவே கடையில் சாப்பிட நேர்ந்தால் அளவுச் சாப்பாடும் இரண்டு அவித்த முட்டையும் கேளுங்கள். பெரும்பாலும் செலவும் கூடாது. ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவிட்டால் உப்பும் குறையும்.

தஞ்சாவூர், திருச்சி மாநகரங்களில் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். பார்சல் தரமாட்டார்கள், பகலில் லாரியை ஊருக்குள் கொண்டுபோகவும் முடியாது. வண்டியைப் புறநகரில் நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட நேரம் இருக்கும் நாளுக்குத்தான் அது சரிவரும்.

ஒரே குக்கரில் முடிக்காமல் நான்கு பாத்திரம் தூக்கித் திரிவது

சோறு, குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் வேண்டும் என்று தொடங்கினால் மூன்றாம் நாளே சமையல் நின்றுவிடும். பாத்திரம் கழுவத் தண்ணீர் போதாது. ஓட்டுநர், கிளீனர் இருவருக்கும் ஒரு மூன்று லிட்டர் குக்கர் போதும்.

இருவருக்கான ஒரு வேளைப் பருப்பு சாதத்துக்கு அரிசி 200 கிராம், வீட்டிலேயே வறுத்துக்கொண்டுவந்த பாசிப்பருப்பு 75 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். சீரகம், மிளகு, மஞ்சள்தூள், மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு. அரை மணி நேரம் ஊறிய பிறகு அடுப்பை ஏற்றி மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கப் பதினைந்து நிமிடம் விட்டால் மீதி வேக்காட்டை அந்தச் சூடே முடித்துவிடும், கேஸ் மிச்சமாகும். திறந்ததும் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். டெல்டாவில் முருங்கை மரம் இல்லாத தெரு அரிது, கேட்டால் கொடுப்பார்கள். ஆளுக்கு 15 கிராமுக்குக் குறையாமல் புரதம் கிடைக்கும்.

இங்கே நடக்கும் தவறு குக்கரை நிரப்புவது. பருப்பும் அரிசியும் நுரைத்துப் பொங்குபவை. குக்கரின் பாதி அளவைத் தாண்டினால் நுரை வெயிட் போடும் குழாயை அடைத்துக்கொள்ளும். அவசரத்தில் குக்கர் மேல் தண்ணீரை ஊற்றி மூடியை இழுப்பதும் வேண்டாம். அடைத்திருப்பது வெளியிலிருந்து தெரியாது, கொதிக்கும் கஞ்சி முகத்தில் தெறிக்கும்.

காய்கறியை உழவர் சந்தையில் காலையிலேயே வாங்குங்கள். விலைப்பலகை வைத்திருப்பார்கள், பேரம் தேவையில்லை. அடிபடாமல் நாலைந்து நாள் தாங்கும் கத்தரி, கோவைக்காய், முட்டைக்கோஸ், வாழைக்காய் வண்டிக்கு ஏற்றவை. தக்காளி ஒரு பள்ளத்தில் நசுங்கிவிடும். புளிப்புக்கு வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சலைக் கொண்டுபோவது மேல். நல்லெண்ணெய் மேலே மிதக்குமளவுக்குக் காய்ச்சி, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு வாரம் தாங்கும்.

கேபினுக்குள் அடுப்பு

மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேபினுக்குள் சமைப்பதைப் பார்க்கலாம். இது உயிரோடு விளையாடுவது. எரியும் அடுப்பு மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவதுபோலத்தான் மயக்கம் வரும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கேபின் தரையில் தேங்கும், ஒரு பீடி நெருப்பு போதும். தார்ப்பாயை வண்டியின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, டீசல் டேங்குக்கு எதிர்ப்பக்கம், சக்கரம் உருளாமல் அடைக்கட்டை வைத்த பிறகு வெளியே சமையுங்கள். வைக்கோல் லோடு ஏற்றியிருந்தால் வண்டி அருகில் அடுப்பே வேண்டாம்.

தெருவில் நிரப்பித் தரும் சின்ன சிலிண்டரை வாங்காதீர்கள். எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலேயே பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. நாளுக்கு நாற்பது நிமிடம் எரித்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வரும். ரெகுலேட்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவையுங்கள்.

கிடங்கு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெல் அடுக்குகளில் பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடியிருப்பார்கள். அதிலிருந்து வருவது விஷவாயு. நிழல் இருக்கிறதே என்று மூடிய அடுக்கின் ஓரம் உட்கார்ந்து சாப்பிடவோ படுக்கவோ கூடாது.

வடித்த சோற்றை மூடிக் கேபினில் வைப்பது

காலையில் கட்டிய சாம்பார் சாதத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்து, வாசனை சரியாக இருக்கிறது என்று சாப்பிடுவார்கள். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியாவின் விதைகள் வேகவைத்தாலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. வெயிலில் நிற்கும் கேபின் அதற்கு வேண்டிய சூட்டை அப்படியே கொடுக்கிறது. சோறு கையில் பொறுக்க முடியாத சூட்டில் ஹாட்பேக்கில் இருக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சாதாரண டிபன் பாக்ஸ் என்றால் இரண்டு மணி நேரம்தான்.

பழைய சோறு நல்ல உணவு, செலவும் இல்லை. அதைச் செய்யும் விதத்தில்தான் கெடுக்கிறார்கள். மதியம் மிஞ்சிய சோற்றை இரவுவரை அப்படியே வைத்திருந்து அப்புறம் தண்ணீர் ஊற்றுவது தவறு. அதற்குள் கெடுதல் தொடங்கியிருக்கும். இரவு வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடாமல் வைத்து, எட்டு முதல் பத்து மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். ஊற்றுகிற தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும். அதற்கப்புறம் அது அடுப்பைப் பார்க்கப்போவதில்லை, கைபம்புத் தண்ணீர் நேராக வயிற்றுக்குப் போகும். நூல்போல இழுத்தாலோ புளிப்பைத் தாண்டி வேறு நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள். சின்ன வெங்காயமும் மோரும் போதும், வறுத்த மோர் மிளகாய் தினமும் வேண்டாம்.

பக்கத்தில் விளைவதை விட்டுவிட்டு பிஸ்கட் வாங்குவது

சம்பாவுக்குப் பின் டெல்டா வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும்தான். அறுவடை நேரத்தில் விவசாயியிடமே ஐந்து கிலோ பயறு வாங்கிவைத்தால் இருவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். காலையில் 100 கிராம் பயற்றை அகன்ற வாய் புட்டியில் ஊறவைத்தால் மாலையில் குக்கரில் இரண்டு விசில், தேங்காய், கடுகு தாளித்துச் சுண்டல். கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊறுநீரை மாற்றாவிட்டால் நுரைத்துப் புளித்துவிடும்.

நள்ளிரவுப் பசிக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, சுமார் 40 கிராம், பத்து கிராம் புரதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலை ஈரம் வாங்கிப் பூஞ்சை பிடிக்கும். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதையும் விழுங்க வேண்டாம், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. எவர்சில்வர் டப்பாவில் அடைத்துவையுங்கள்.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் லோடு போனால் மத்தி வாங்கிக் குழம்பு வைக்கலாம், மலிவான மீன்களில் இதற்கு ஈடில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், விலை ஏறிவிடும். அப்போது முட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். கருவாடு என்றால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து இரண்டு முறை நீரை மாற்றிய பிறகே சமையுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அப்போதும் தவிர்ப்பதே நல்லது.

டீயால் பசியை அடக்குவது, தண்ணீரைக் குறைப்பது

ஒரு டீயில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது எட்டு முதல் பத்து கிராம். நாளுக்கு ஆறு டீ குடித்தால் சுமார் 50 கிராம் ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு டீயிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு டீயைச் சர்க்கரையோடும் மற்றதைச் சர்க்கரை இல்லாமலும் குடித்துப் பழகலாம். பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தந்தால் வாங்காதீர்கள், அச்சு மை எண்ணெயில் இறங்கும்.

வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவர்கள் பலர். சிறுநீரகக் கல்லுக்கு இது நேர்வழி. வெயில் காலத்தில் மூன்று முதல் நான்கு லிட்டர் வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. நூறு மில்லி தயிருக்கு நானூறு மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, கறிவேப்பிலை போட்ட நீர்மோர் குளிர்பானத்தைவிட எல்லா வகையிலும் மேல். பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாகப் போனால் இளநீர் விலை மலிவு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் குடிக்க வேண்டும்.

மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது

சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய ஆபத்து. மாத்திரையைப் போட்டதும் வரிசை நகர்கிறது, சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குகிறது. கை நடுக்கம், வியர்வை, பார்வை மங்கல், காரணமில்லாத எரிச்சல் வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள், சரியாகாவிட்டால் மறுபடி ஒரு முறை. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் கழித்தே ஓட்டுங்கள். வேலை நேரம் இப்படித்தான் என்று மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ற மாத்திரையையும் நேரத்தையும் மாற்றித் தருவார், நீங்களாக மாத்திரையை விடவோ பாதியாக்கவோ கூடாது. இன்சுலினை டாஷ்போர்டில் வைக்காமல், ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானைக்குள் புட்டியில் தண்ணீர் படாதபடி வையுங்கள். சர்க்கரைப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்பது கிளீனருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.