பழைய வீடியோ கேம் மானிட்டரில் பவர் சப்ளை கோளாறு: மீட்டரும் குண்டு பல்பும் வைத்துக் கண்டுபிடிப்பது

வெல்ஸ்-கார்ட்னர் கே7000, எலக்ட்ரோஹோம் ஜி07 போன்ற வட அமெரிக்க மானிட்டர் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டிரான்ஸ்பார்மர். இவை 120 வோல்ட் ஏ.சி.க்குச் செய்தவை, அதுவும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (லைனோடு நேரடித் தொடர்பைப் பிரிப்பது) வழியாக மட்டுமே ஓட வேண்டும். உள்ளே ஏ.சி. நேராக, அதை டி.சி.யாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் போவதால், டிரான்ஸ்பார்மர் இல்லாவிட்டால் சேஸிஸ் (மானிட்டரின் சர்க்யூட் போர்டு) கிரவுண்டிலேயே கரண்ட் இருக்கும். கேம் போர்டின் வீடியோ கிரவுண்டைச் செருகிய நொடியில் ப்யூஸும் பிரிட்ஜும் சேர்ந்து போகும்.

கடையில் ‘ஸ்டெப் டவுன்’ என்று விற்பதில் பல வெறும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்தான். வோல்டேஜைக் குறைக்கும், லைனைப் பிரிக்காது. மோட்டார் காயில் கட்டும் ஊரான கோவையில் இதற்கு அலைய வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் கட்டுபவரிடம் “230க்கு 120, 150 வி.ஏ., பிரைமரி தனி, செகண்டரி தனிங்க” என்று சொன்னால் போதும். வாங்கியதும் இரண்டு வைண்டிங்குக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். மீட்டர் அசையக் கூடாது.

சேஸிஸில் கை வைக்கும் முன் இரண்டு இடத்தில் சார்ஜ் இறக்க வேண்டும். பிக்சர் டியூப்பைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் ஒரு ஒயரைக் கிளிப் போட்டு, அதன் மறுமுனையை நீளமான ஸ்க்ரூடிரைவரில் கட்டி, ஆனோடு (டியூப்பின் ஹை வோல்டேஜ் முனை) ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்துத் தொடுங்கள். ஒரு கை பின்னால் இருக்கட்டும். சில நிமிடம் விட்டு மறுபடியும் தொடுங்கள், கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறியிருக்கும். அடுத்து பிரிட்ஜுக்குப் பின்னால் வரும் பெரிய கெப்பாசிட்டர், அதாவது மெயின் பில்டர். ஹோல்டரில் போட்ட 60 வாட்ஸ் பல்பை அதன் இரு காலிலும் பிடித்து இறக்கிவிட்டு மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

படமே இல்லை என்றால் டியூப்பின் கழுத்தைப் பாருங்கள். இந்த மானிட்டர்களில் ஹீட்டருக்கான 6.3 வோல்ட் எல்.ஓ.டி.யிலிருந்து (டியூப்புக்கு ஹை வோல்டேஜ் தரும் லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்) வருகிறது. கழுத்தில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தால் பவர் சப்ளை ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது முதலில் தேட வேண்டியது கேம் போர்டில். அதன் 5 வோல்ட்டை, அதற்குப் பவர் தரும் எஸ்.எம்.பி.எஸ். முனையில் பார்க்காமல் போர்டு முனையிலேயே பாருங்கள்.

வெளிச்சம் இல்லை, ப்யூஸும் போயிருக்கிறது என்றால் ப்யூஸின் கண்ணாடியைக் கவனியுங்கள். உள்ளே கறுத்துப் படிந்திருந்தால் நேரடி ஷார்ட்: பிரிட்ஜ் டயோடு அல்லது ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் (எல்.ஓ.டி.யை ஓட்டுவது). டிரான்சிஸ்டரைக் கழற்றி கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அளக்கவும். இரு பக்கமும் ஷார்ட் காட்டினால் போய்விட்டது. டேம்பர் டயோடு உள்ளேயே இருக்கும் வகையில் (2எஸ்டி1398, பியூ508டி) பேஸ்-எமிட்டர் சில பத்து ஓம்ஸ்தான் காட்டும். அது இயல்பு. இதைப் பார்த்து நல்ல டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய.

புது ப்யூஸ் போட்டதும் நேராக லைனில் கொடுக்காதீர்கள். 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில் வையுங்கள், அதுவும் டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தில். 120 பக்கத்தில் வைத்தால் முழு ஷார்ட்டிலும் பல்பு மங்கலாகத்தான் எரியும், ஏமாந்துபோவீர்கள். டீகாஸிங் காயில் (டியூப்பில் ஏறும் காந்தத்தை நீக்குவது) பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பல்பு ஒரு முறை மின்னி அடங்கினால் சரி. முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

அடுத்தது பி பிளஸ், அதாவது ரெகுலேட்டர் தரும் மெயின் டி.சி. வோல்டேஜ். டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு, பி பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 வாட்ஸ் பல்பை லோடாகக் கட்டுங்கள். லோடு இல்லாமல் அளப்பது வீண் வேலை. பல சேஸிஸில் ரெகுலேட்டருக்குக் குறுக்கே ஒரு பெரிய சிமெண்ட் ரெசிஸ்டர் இருக்கும். அதன் வழியாகவே பில்டரில் உள்ள 170 வோல்ட் வரை ஏறி, நல்ல ரெகுலேட்டரையும் கெட்டதாகக் காட்டும். ஜி07-க்கு 120 வோல்ட், உள்ளேயே திருகி வைக்கலாம். கே7000-ல் திருகல் கிடையாது. ரெகுலேட்டர் ஐ.சி.யின் பெயரிலேயே வோல்டேஜ் இருக்கிறது: எஸ்டிஆர்30130 என்றால் 130, எஸ்டிஆர்30123 என்றால் 123. மாற்றும்போது அதே எண் போடுங்கள், ஹீட் சிங்க் பேஸ்ட் மறக்க வேண்டாம்.

பல்பு லோடில் சரியாக நின்று, டிரான்சிஸ்டர் போட்டதும் பி பிளஸ் விழுந்தால் பவர் சப்ளையைக் குறை சொல்லாதீர்கள். எல்.ஓ.டி. உள் ஷார்ட்டாக இருக்கலாம், யோக்காகவும் (டியூப் கழுத்தைச் சுற்றிய காயில்) இருக்கலாம்.

படம் வருகிறது, ஓரங்கள் நெளிகின்றன என்றால் மெயின் பில்டர் காய்ந்திருக்கும். இதே கோளாறு அமெரிக்காவில் மெதுவாக மேலே ஏறும் பட்டையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே லைன் 60 ஹெர்ட்ஸ், படமும் கிட்டத்தட்ட 60. நம் லைன் 50 என்பதால் இங்கே வேகமான நடுக்கமாகத் தெரியும். அதே மைக்ரோஃபேரட், 200 வோல்ட்டுக்குக் குறையாமல், 105 டிகிரி வகையாகப் போடுங்கள். கால் முனைகளில் ட்ரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) இருந்தாலும் இதே நெளிவு வரும், முதலில் அதை மறுபடி சால்டர் செய்துவிடுங்கள்.

திருப்பூர், பல்லடம் பக்கத்துப் பெட்டிகளில் பஞ்சுத் தூசி சேஸிஸ் முழுக்கப் படிந்திருக்கும், பில்டருக்கு அடியில் பல்லி கருகிக் கிடப்பதும் உண்டு. பிரஷ்ஷும் புளோயரும் போட்ட பிறகே மீட்டரை எடுங்கள்.

மாலையில் மட்டும் படம் சுருங்கினால் லைனை அளந்து பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் செகண்டரியில் 94தான் கிடைக்கும். பில்டரில் உச்சமே 133 வோல்ட்டைத் தாண்டாது. 130 கொடுக்க வேண்டிய ரெகுலேட்டருக்கு அது பற்றாது. டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள், ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டாம்.